அமெரிக்கப் பழைய நாடகங்கள்: கம்யூனிட்டி தியேட்டரில் எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

#1 டிமாய்ன்வாசி

வணக்கம். அயோவா மாநிலத்தில், டி மாய்ன் நகரத்துக்குச் சற்று வெளியே குடியிருக்கிறோம். நாடகம் பார்ப்பதற்கென்று நியூயார்க் போய்வரும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அமெச்சூர் குழுக்களுக்குக் குறைவில்லை. பகலில் பள்ளியிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குப் போகிறவர்கள்தான் எல்லோரும். அடுத்த சீசனுக்கான அறிவிப்புகள் வந்துவிட்டன. 'அவர் டவுன்', 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', 'தி குரூசிபிள்', 'தி கிளாஸ் மெனாஜரி' ஆகிய நான்கும் ஒரு மணி நேர கார் தூரத்துக்குள் நடக்கப்போகின்றன. இசை நாடகங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, எனக்கு அவை ஒத்துவராது.

மனைவியும் 13 வயது மகளும் உடன் வருவார்கள். நான்குக்கும் போக முடியாது, இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய பெயர் என்று நம்பிப் போய் அரைகுறை நடிப்பில் மாட்டிக்கொண்டு, மகள் அதற்குப்பிறகு நாடகம் என்றாலே ஓடிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கடைசிவரிசை

நாடகத்தின் பெருமையைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த நாடகம் கேட்கிற ஆள் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கம்யூனிட்டி தியேட்டரைப் பொறுத்தவரை என் அளவுகோல் இது ஒன்றுதான்.

'சேல்ஸ்மேன்' 1949 பிப்ரவரியில் பிராட்வேயின் மொராஸ்கோ தியேட்டரில் அரங்கேறியபோது, ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் 63 வயது வில்லி லோமனாக நடித்த லீ ஜே. காபுக்கு வயது 37. மாபெரும் நடிகர், மறுக்கவில்லை. ஆனால் ஆர்தர் மில்லர் மனத்தில் வைத்து எழுதியது ஒரு சிறிய உருவத்தை. காப் ஆஜானுபாகு. வில்லியை ஒருவன் இறால் என்று கேலி செய்ததாக வரும் வசனத்தையே வால்ரஸ் (பெருத்த கடல் விலங்கு) என்று மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் ஊர்க் குழுவுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. நிஜமாகவே அறுபதைத் தாண்டியவர், முழங்கால் தேய்ந்தவர், ஒரே நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் உழைத்துவிட்டுக் கைகுலுக்கலோடு அனுப்பப்பட்டவர் ஒருவராவது அங்கே இருப்பார். வில்லி முதன்முதலில் உள்ளே வரும்போது இரண்டு பெரிய மாதிரிப் பெட்டிகளைச் சுமந்து வருகிறான். அவற்றைக் கீழே இறக்கி, உள்ளங்கை வலியை உணர்கிறான் என்று மில்லரே மேடைக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஓர் அசைவு இயல்பாக அமைந்துவிட்டால் பாதி நாடகம் தேறிவிட்டது.

இரண்டாம் அங்கத்தில் ஹோவர்டின் அலுவலகக் காட்சியைக் கவனியுங்கள். முதலாளி ஹோவர்ட் வில்லியை விட மிக இளையவன். புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக்காட்டிப் பூரிக்கிறான். வில்லி, இனி ஊர் ஊராகப் போகமுடியாது, நியூயார்க்கிலேயே ஒரு வேலை கொடு என்று கேட்க வந்திருக்கிறான். வாரத்துக்கு 65 டாலர் போதும் என்கிறான். கொஞ்ச நேரத்தில் அது 50 ஆகிறது. பிறகு 40. குரல் உயர உயரத் தொகை இறங்குகிறது. ஹோவர்ட் வெளியே போனதும் கருவி தற்செயலாக ஓடத் தொடங்கி, மாநிலத் தலைநகரங்களை ஒப்பிக்கும் சிறுவனின் குரல் அறையை நிறைக்கிறது. அதை நிறுத்தத் தெரியாமல் கிழவன் அலறுகிறான். இதற்கு விலையுயர்ந்த காட்சியமைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, ஒரு கருவி, வெட்கத்தை விழுங்கத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தால் போதும்.

'கிளாஸ் மெனாஜரி' பாதுகாப்பான தேர்வு. டென்னசி வில்லியம்ஸ் எழுதியது. தாய் அமாண்டா, மகன் டாம், மகள் லாரா, விருந்துக்கு வரும் ஜிம் என நான்கே பாத்திரங்கள், ஒரே வீடு. அரங்கு சிறியதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். 400 பேர் அமரும் பள்ளிக் கலையரங்கில் அதைப் போட்டால் லாராவின் கண்ணாடிப் பொம்மைகளில் ஒன்றான ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு உடைவது ஐந்தாவது வரிசைக்கே தெரியாது. மின்கட்டணப் பணத்தை டாம் வேறு எதற்கோ செலவழித்துவிட்டதால் விளக்கு அணைந்து, லாராவும் ஜிம்மும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து பேசும் காட்சிதான் நாடகத்தின் உயிர். அதை அருகிலிருந்துதான் பார்க்க வேண்டும். அமாண்டாவாக நடிப்பவர் சிரிப்பு வாங்க ஆசைப்பட்டால் எல்லாம் போயிற்று. அவள் கோமாளி அல்ல, பயந்துபோன தாய்.

#3 பனிக்காலம்

'அவர் டவுன்' பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அதைப் போட்டுச் சலித்துவிட்டார்கள். மேடையில் பொருள் எதுவும் இருக்காது, நடிகர்கள் காற்றில் பீன்ஸ் நறுக்குவார்கள், ஒரு தாத்தா ஓரமாக நின்று வாழ்க்கை எவ்வளவு அழகானது என்று உபதேசிப்பார். 13 வயதுப் பெண்ணை நாடகத்திலிருந்து விரட்ட வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை.

#4 திரைக்குப்பின்

பனிக்காலம் அவர்களே, நீங்கள் பார்த்தது அந்த நாடகத்தைக் கெடுத்த ஒரு தயாரிப்பை. பழியை அதை எழுதிய தார்ன்டன் வைல்டர் மீது போடாதீர்கள்.

நான் நியூஜெர்சியில் ஒரு அமெச்சூர் குழுவில் மேடை மேலாளராக உதவுகிறேன். ஒலி கொடுப்பது, பொருள் எடுத்து வைப்பது, நடிகர் வசனம் மறந்தால் ஓரத்திலிருந்து முணுமுணுப்பது எல்லாம் என் வேலை. ஒத்திகை ஒத்திகையாகப் பார்த்தும் எனக்குச் சலிக்காத நாடகம் இது. மேடையில் பொருள் இல்லை என்பது சிக்கனத்துக்காகச் செய்தது இல்லை. 1938இல் அது அரங்கேறியபோது பிராட்வே முழுக்க வரவேற்பறைகளாகவே கட்டிக்கொண்டிருந்தார்கள். வைல்டர் இரண்டு மேசைகளும் சில நாற்காலிகளும் போதும் என்றார், மாடி ஜன்னல்களுக்கு இரண்டு ஏணிகள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளான எமிலியும் ஜார்ஜும் எதிரெதிர் ஏணிகளில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பற்றிப் பேசும்போது நமக்கு இரண்டு வீடுகளும் நிலாவும் தெரியவேண்டும். தெரியாவிட்டால் குற்றம் நடிகருடையது.

அதை இனிப்பு நாடகம் என்பவர்கள் பெரும்பாலும் முதல் அங்கத்தோடு மனத்தை மூடிக்கொண்டவர்கள். அந்த குரோவர்ஸ் கார்னர்ஸ் ஊரில் தேவாலயப் பாடற்குழுவை நடத்தும் சைமன் ஸ்டிம்சன் ஒரு குடிகாரர். ஊருக்கே தெரியும், ஊரே கண்டுகொள்ளாததுபோல் இருக்கிறது. கடைசியில் அவர் தூக்குப்போட்டுக்கொள்கிறார். மூன்றாம் அங்கத்தில் இறந்தவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நாற்காலிகள்தாம் கல்லறைகள். மறுபுறம் மழையில் குடைகளின் கூட்டம். பிரசவத்தில் இறந்துபோன எமிலி அந்தக் குடைக்கூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்து தன் நாற்காலியில் உட்காருகிறாள். பிறகு ஒரே ஒரு நாள் திரும்பிப் போக அனுமதி கேட்டுத் தன் 12ஆவது பிறந்தநாளுக்குப் போகிறாள். அம்மா காலை உணவு சமைத்தபடியே பேசிக்கொண்டிருக்கிறாள், மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது உபதேசம்?

2009இல் நியூயார்க்கின் பாரோ ஸ்ட்ரீட் தியேட்டரில் டேவிட் குரோமர் இயக்கிய தயாரிப்பில் இந்த இடத்தில் மட்டும் ஒரு திரை விலகியது. உள்ளே நிஜமான சமையலறை. அடுப்பில் நிஜமாகவே பன்றி இறைச்சி வறுபட்டு, அந்த வாசனை பார்வையாளர்களை எட்டியது. அதுவரை காற்றில் பீன்ஸ் ஆய்ந்ததற்கான காரணம் அப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

டிமாய்ன்வாசிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். அந்தக் குழுவின் முகநூல் பக்கத்தில் ஒத்திகைப் படங்கள் போட்டிருப்பார்கள். கதைசொல்லியாக வரும் ஸ்டேஜ் மேனேஜர் பாத்திரம் கனிந்த புன்னகையோடு, கைத்தடியும் கடிகாரச் சங்கிலியுமாக நிற்கிறாரா? வேண்டாம், விட்டுவிடுங்கள். ஏதோ வேலையைப் பார்க்க வந்தவர்போல் சாதாரணமாக நிற்கிறாரா? போங்கள். 1938இல் அந்த வேடத்தில் நடித்த ஃபிராங்க் கிரேவன் விடுப்பில் போனபோது வைல்டரே இரண்டு வாரம் மேடையேறினார். அவர் தேர்ந்த நடிகர் இல்லை. அந்த வேடத்துக்கு அது ஒரு குறையும் இல்லை.

#5 பனிக்காலம்

பன்றி இறைச்சி வாசனைக்காக இரண்டு அங்கம் காத்திருக்க என்னால் ஆகாது, மன்னிக்கவும். என் வாக்கு 'குரூசிபிள்' நாடகத்துக்கு. இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பாடமாகவும் வருகிறது, மகளுக்கு எப்படியும் இரண்டொரு ஆண்டில் பயன்படும்.

1692இல் மாசச்சூசெட்ஸின் சேலத்தில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய்திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரின் மார்பில் பாறைகளை அடுக்கிக் கொன்றார்கள். ஆர்தர் மில்லர் இதை 1953இல் நாடகமாக்கியது செனட்டர் மெக்கார்த்தி காலத்து கம்யூனிஸ்ட் வேட்டையை மனத்தில் வைத்து. மூன்று ஆண்டுகள் கழித்து அவரையே நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு மற்றவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னது. அவர் சொல்லவில்லை. நாடகத்தின் நாயகன் ஜான் பிராக்டரும் கடைசி அங்கத்தில் அதைத்தான் மறுக்கிறான். எழுதியதை வாழ்ந்துகாட்ட வேண்டிய நிலை எத்தனை எழுத்தாளர்களுக்கு வந்திருக்கிறது?

அமெச்சூர் குழுக்களுக்கு இது வரப்பிரசாதம். 20 பாத்திரங்கள், அவற்றில் பெண்கள் நிறைய. ஆடிஷனுக்கு வருவதில் பெரும்பாலோர் பெண்கள், பழைய நாடகங்களிலோ ஆண் வேடங்களே அதிகம். அதனால் இந்த நாடகத்துக்கு நல்ல நடிகைகள் போட்டிபோட்டு வருவார்கள்.

#6 கடைசிவரிசை

பனிக்காலம் சொல்வது சரி, ஒரு எச்சரிக்கையோடு. 'குரூசிபிள்' எடுத்த பாதிப்பேர் முதல் அங்கத்திலேயே கத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நான்காம் அங்கத்துக்குப் போக இடமே இருப்பதில்லை. நல்ல தயாரிப்பா என்று கண்டுபிடிக்க மூன்றாம் அங்கத்தில் பிராக்டரின் மனைவி எலிசபெத் நீதிமன்றத்துக்குள் வரும் இடம் ஒன்று போதும். கணவனின் கள்ள உறவு உண்மையா என்று நீதிபதி கேட்கிறார். அவள் பொய்யே சொல்லாதவள் என்று கணவன் சற்றுமுன்தான் சத்தியம் செய்திருக்கிறான். அவனைக் காப்பாற்ற நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்கிறாள், அதுவே அவனைக் கொல்கிறது. அவள் பதில் சொல்வதற்கு முன் அரங்கு எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்று பாருங்கள். கத்திப் பழகிய குழுவால் அந்த அமைதியைத் தாங்க முடியாது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லிவையுங்கள். நாடகத்தில் பிராக்டரோடு கள்ள உறவு கொண்டவளாக வரும் அபிகெய்லுக்கு நிஜத்தில் 11 அல்லது 12 வயது, பிராக்டருக்கு அறுபது. கள்ள உறவு மில்லரின் கற்பனை. வரலாறு என்று நம்பிக்கொண்டு பள்ளியில் எழுதிவிடப் போகிறாள்.

#7 ராயல்டி

எல்லோரும் நடிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கணக்கு பார்க்கிறவன். ஒரு குழுவுக்குப் பொருளாளராக இருந்திருக்கிறேன். ஏன் எங்கே பார்த்தாலும் இதே எட்டுப் பத்து நாடகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று யோசித்தீர்களா?

எந்தக் குழுவும் நினைத்த நாடகத்தை எடுத்துப் போட்டுவிட முடியாது. லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒவ்வொரு காட்சிக்கும் ராயல்டி கட்ட வேண்டும். மில்லரும் டென்னசி வில்லியம்ஸும் டிராமடிஸ்ட்ஸ் பிளே சர்வீஸ் கையில். 'அவர் டவுன்' சாமுவேல் ஃபிரெஞ்ச் வசம், 1830இல் தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது கான்கார்டுக்குள் அடக்கம். பெரிய நகரத்தில் தொழில்முறைத் தயாரிப்பு ஒன்று வரப்போகிறது என்றால் அந்தப் பகுதி அமெச்சூர் குழுக்களுக்கு அனுமதி கிடைக்காமல் போவது சகஜம். உங்கள் ஊரில் ஆண்டுக்கணக்காக ஒரு நாடகம் வரவில்லை என்றால் ரசனைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

2019இல் நடந்ததைச் சொன்னால் புரியும். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலுக்கு கிறிஸ்டோபர் செர்கெல் எழுதிய நாடக வடிவத்தைச் சின்னக் குழுக்கள் பல பத்தாண்டுகளாகப் போட்டுவருகின்றன. அலபாமாவின் மன்ரோவில் நகரத்தில் பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஆண்டுதோறும் நடத்துகிறார்கள், பார்வையாளர்களிலிருந்தே ஜூரிகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். ஆரன் சார்கின் எழுதிய புதிய வடிவம் பிராட்வேக்கு வந்ததும், பழைய வடிவத்தைப் போடத் தயாராக இருந்த குழுக்களுக்கு புதிய வடிவத்தின் தயாரிப்புத் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் பறந்தது. பல இடங்களில் ஒத்திகையோடு நின்றுபோயிற்று. ஊர் திட்டிய பிறகு, வேண்டுமானால் எங்கள் வடிவத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இறங்கிவந்தார்கள். செட்டும் உடையும் தைத்து முடித்தவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

லைசென்ஸில் இன்னொரு நிபந்தனை, ஒரு வசனத்தைக்கூட அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது. எனவே டிமாய்ன்வாசி, மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான். மகளுக்கு முன்கூட்டியே ஏதாவது சாப்பிடக் கொடுத்து அழைத்துப் போங்கள். இடைவேளையில் விற்கும் பிஸ்கட்டையும் வாங்குங்கள், அந்தக் காசில்தான் பல குழுக்கள் விளக்கு வாங்குகின்றன.

#8 மூடுபனி

நால்வரையும் படித்துக்கொண்டே வந்தேன். ஒருவர்கூட யூஜின் ஓ'நீல் பெயரைச் சொல்லவில்லையே! 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' இல்லாமல் அமெரிக்க நாடகமா? 1912 ஆகஸ்டில் ஒரே ஒரு நாள், ஒரு குடும்பம். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் இரவுக்குள் மார்ஃபினில் மூழ்கிவிடுகிறாள். தன் சொந்த வீட்டுக் கதை என்பதால், தான் இறந்து 25 ஆண்டுகள் வரை வெளியிடக்கூடாது என்று ஓ'நீல் சொல்லியிருந்தார். 1953இல் அவர் இறந்தார், 1956இலேயே மனைவி கார்லோட்டா அனுமதி கொடுத்துவிட்டார், ஸ்டாக்ஹோமில் முதலில் அரங்கேறியது. எந்த ஊர்க் குழுவாவது அதைப் போட்டால் எத்தனை மைலானாலும் ஓட்டிக்கொண்டு போங்கள்.

#9 கடைசிவரிசை

போகாதீர்கள். வெட்டாமல் போட்டால் ஏறக்குறைய நான்கு மணி நேரம், நடிகர்கள் ஐந்து பேர், மறைந்துகொள்ள யாருக்கும் இடமில்லை. தாய் மேரி டைரோன் வேடம் தொழில்முறை நடிகைகளையே உருட்டிப்போட்டது. அலுவலகம் முடித்துவந்து ஆறு வாரம் ஒத்திகை பார்ப்பவர்களிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை. புத்தகமாகப் படியுங்கள்.

#10 மூடுபனி

ஓ'நீலை அமெச்சூர்கள் தொடக்கூடாது என்கிறீர்களே, அவரை உலகத்துக்குக் கொடுத்ததே அமெச்சூர்கள்தாம் என்பது மறந்துபோயிற்றா? 1916 கோடையில் மாசச்சூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனில், கடலுக்குள் நீண்ட மரத்துறை மேல் இருந்த பழைய மீன் கிடங்கில் அவருடைய 'பௌண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்' முதன்முதலில் நடந்தது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும்தான் நடிகர்கள். ஓ'நீலும் ஒரே ஒரு வசனம் உள்ள வேடத்தில் வந்தார். கப்பலில் ஒருவன் சாகக் கிடக்கும் கதை, பலகைகளுக்குக் கீழே நிஜக் கடல் அடித்துக்கொண்டிருந்தது, வெளியே நிஜ மூடுபனி. பிராட்வேயால் அதைக் காசுகொடுத்து வாங்க முடியுமா? உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். நாடகத்துக்கு வேண்டிய ஆள் ஊரில் இருக்கிறாரா என்பதுதானே கேள்வி? வீட்டில் ஒருவர் போதைக்கு அடிமையாகி, மற்றவர்கள் தெரியாததுபோல் நடித்த வீடுகள் அயோவாவில் இல்லையா? அந்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தி மேரியாக நின்றால்?

#11 கடைசிவரிசை

நின்றால் போவேன். அப்படி ஒருத்தி நிற்கிறாள் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். அதுவரை புத்தகம்தான்.

#12 தென்சிகாகோ

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். லோரெய்ன் ஹேன்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்'. 1959இல் பிராட்வேக்கு வந்தது, கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி அங்கே அரங்கேறிய முதல் நாடகம். நான் இருக்கும் சிகாகோவின் தென்பகுதிதான் கதைக்களம். இறந்துபோன தந்தையின் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வரப்போகிறது. மகன் வால்டருக்கு மதுக்கடை வைக்க ஆசை, மகள் பெனீதாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை. தாய் லீனா வெள்ளையர்கள் மட்டும் வாழும் பகுதியில் வீடு வாங்க முன்பணம் கட்டிவிடுகிறாள். லிண்ட்னர் என்ற ஒருவர் வருகிறார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாக, நீங்கள் வராமல் இருப்பதற்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்கிறார். அந்தப் பணிவை நடிகர் சரியாகக் கொண்டுவந்தால் அரங்கில் இருப்பவர்கள் நாற்காலியில் நெளிவார்கள். வில்லனாகச் சீறினால் காட்சி செத்துவிடும்.

ஹேன்ஸ்பெரியின் குடும்பமே இப்படி ஒரு வீடு வாங்கி, எதிர்ப்பைச் சந்தித்து, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் தீர்ப்பானது. அவர் 34 வயதில் இறந்துபோனார். வீடு வாடகைக்குக் கேட்டு, குரலைக் கேட்டதும் காலியில்லை என்று சொல்லப்பட்ட நம்மவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த நாடகத்துக்கு முன்னுரை தேவையில்லை.

முடிந்தால் கறுப்பினக் குழுவின் தயாரிப்பாகப் பாருங்கள். கிளீவ்லாந்தில் கராமு ஹவுஸ் 1915 முதல் இயங்குகிறது. ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகமும் இப்படித்தான். பேஸ்பால் வீரனாக ஒளிர வேண்டியவன் நிறத்தால் ஒதுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளிக்கொண்டு, அதே கசப்பை மகன் மீது கொட்டும் கதை.

#13 ராயல்டி

தென்சிகாகோ, சண்டைக்காகக் கேட்கவில்லை. 1996இல் இதே ஆகஸ்ட் வில்சன் நாடகத் துறையினர் மாநாட்டில் பேசியபோது, கறுப்பின நடிகர்களை வைத்து 'சேல்ஸ்மேன்' போடுவதைக் கடுமையாக எதிர்த்தார். எங்கள் கதையை நாங்கள் சொல்ல இடம் கொடுங்கள், வெள்ளையர் கதையில் வேடம் வேண்டாம் என்பது அவர் வாதம். ஆனால் 2022இல் வெண்டல் பியர்ஸ் வில்லி லோமனாக, கறுப்பினக் குடும்பமாகவே, பிராட்வேயில் நடித்தார். நீங்கள் எந்தப் பக்கம்?

#14 தென்சிகாகோ

இரண்டு பக்கமும். வில்சன் கேட்டது மேடையும் பணமும். அது நியாயம், இன்றும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கறுப்பின வில்லி இளம் வெள்ளை முதலாளியிடம் 65 டாலர் கேட்டு நிற்கும்போது அந்த அலுவலகக் காட்சியின் கனம் வேறாகிவிடுகிறது. ஒரு வசனமும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் லைசென்ஸுக்கும் ஆபத்தில்லை.

#15 டிமாய்ன்வாசி

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசிவரிசை ஐயா சொன்னபடி ஆளைப் பற்றி விசாரித்தேன். 'சேல்ஸ்மேன்' போடும் குழுவில் வில்லியாக நடிப்பவர் பணி ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர், அறுபதைத் தாண்டியவர். வில்லியின் மனைவி லிண்டாவாக வருபவர் பள்ளி நூலகர். 'அவர் டவுன்' ஸ்டேஜ் மேனேஜர் படத்தையும் பார்த்தேன். கைத்தடி, சங்கிலி, புன்னகை மூன்றும் இருக்கின்றன. 'கிளாஸ் மெனாஜரி' ஒரு பெரிய பள்ளிக் கலையரங்கில் நடக்கிறது.

#16 திரைக்குப்பின்

அப்படியானால் என் பிரியமான நாடகத்தை மனமில்லாமல் விட்டுவிடச் சொல்கிறேன். நல்ல தயாரிப்பு வரும்வரை காத்திருங்கள், அது திரும்பத் திரும்ப வரும்.

காப்பீட்டு நிறுவனங்களால் வாழும் ஊரில் காப்பீட்டு முகவர் ஒருவர் வில்லியாக நடிக்கிறாரா! வில்லி கடைசியில் எதை நம்பிச் சாகிறான் தெரியுமல்லவா? 20,000 டாலர் பாலிசியை. சாவே தான் விற்கும் கடைசிச் சரக்கு என்று நினைக்கிறான். அந்த மனிதர் வேலையில் எத்தனை குடும்பங்களுக்கு இப்படிக் காசோலை கொண்டுபோய்க் கொடுத்திருப்பாரோ. இதைத் தவறவிடாதீர்கள்.

அயோவாவில் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு சின்னச் சரக்கும் உண்டு. சூசன் கிளாஸ்பெலின் 'டிரைஃபிள்ஸ்', அரைமணி நேர ஓரங்க நாடகம். கிளாஸ்பெல் டி மாய்ன் செய்தித்தாளில் நிருபராக இருந்தவர். 1900 டிசம்பரில், உங்கள் ஊருக்குத் தெற்கே இந்தியனோலா அருகே ஹோசாக் என்ற விவசாயி தூக்கத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மீது வழக்கு. அதைத் தொடர்ந்து எழுதியது அவர்தான். மூடுபனி சொன்ன அதே மீன் கிடங்கில், அதே 1916 கோடையில், அந்த நினைவிலிருந்து நாடகம் எழுதித் தானும் நடித்தார். ஆண்கள் பண்ணைவீட்டின் மாடியில் தடயம் தேடுகிறார்கள். பெண்கள் இருவர் கீழே சமையலறையில் பாதி துடைத்த மேசையையும், திடீரென்று கோணலாகிப்போன ஒட்டுத்துணித் தையலையும், கழுத்து திருகப்பட்ட ஒரு பாடும் பறவையையும் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்ததை ஆண்களிடம் சொல்லவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த நாடகம், ராயல்டி கிடையாது. பள்ளிகளும் நூலகங்களும் அடிக்கடி போடும். 13 வயதுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

#17 பனிக்காலம்

கைத்தடி, சங்கிலி, புன்னகை. நான் அப்போதே சொன்னேன்.

'டுவெல்வ் ஆங்ரி மென்' எங்காவது வந்தால் அதற்கும் போகலாம். 1954இல் தொலைக்காட்சிக்காக ரெஜினால்ட் ரோஸ் எழுதியது. ஓர் அறை, ஒரு மேசை, 12 ஜூரிகள். பெண்களையும் சேர்த்து 'ஜூரர்ஸ்' என்று பெயர் மாற்றிப் போடுவதும் உண்டு. படத்தில் நடித்த ஹென்றி ஃபோண்டா நடிப்பைத் தொடங்கியதே உங்களுக்கு இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸில்தான். 1925இல் அவரை அங்கே நடிக்க இழுத்துவந்த அம்மையார் நடிகர் மார்லன் பிராண்டோவின் தாய். பிராண்டோவுக்கு அப்போது வயது ஒன்று.

#18 டிமாய்ன்வாசி

முடிவு செய்துவிட்டோம். 'சேல்ஸ்மேன்' ஒன்று, 'குரூசிபிள்' ஒன்று. 'டிரைஃபிள்ஸ்' எங்காவது வருகிறதா என்று நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 'சேல்ஸ்மேன்' நாடகத்தில் பாஸ்டன் ஹோட்டல் அறைக் காட்சி ஒன்று வருகிறதாமே, வில்லி வேறொரு பெண்ணோடு இருப்பதை மகன் பார்த்துவிடும் காட்சி. 13 வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா? எந்த நாள் டிக்கெட் எடுப்பது நல்லது?

#19 கடைசிவரிசை

தாராளமாகப் பார்க்கலாம். அந்தக் காட்சியில் முகம் சுளிக்கும்படி எதையும் காட்டுவதில்லை. பெண்ணின் சிரிப்புச் சத்தம் முன்பே இரண்டொரு முறை கேட்கும், வில்லியின் நினைவு அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறது. மகன் பிஃப் நிலைகுலைந்து போவது அந்தப் பெண்ணைப் பார்த்ததற்காக மட்டும் இல்லை. வீட்டில் அம்மா கிழிந்த காலுறைகளைத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்க, அப்பா இந்தப் பெண்ணுக்குப் புதுக் காலுறை கொடுத்துவிட்டார் என்பதற்காக. அதை மகள் உடனே புரிந்துகொள்வாள்.

அவள் குழம்பக்கூடியது வேறு இடத்தில். கதை நிகழ்காலத்துக்கும் பழைய நாட்களுக்கும் அறிவிப்பில்லாமல் தாவும். மில்லர் அதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறார். மேடையில் வீட்டுக்குச் சுவர்கள் இருக்காது, கோடுகள்தாம். நிகழ்காலத்தில் நடிகர்கள் சுவர் இருப்பதாகவே பாவித்து வாசல் வழியாகத்தான் வந்து போவார்கள். பழைய நாட்கள் என்றால் சுவரைத் தாண்டி நேராக மேடையின் முன்பக்கம் வந்துவிடுவார்கள். இதைக் காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள், யார் எப்போது சுவருக்குள் நடக்கிறார்கள் என்று அவளே உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள்.

முதல் வார இறுதி வேண்டாம், வசனம் இன்னும் வாயில் ஒட்டியிருக்காது. இரண்டாவது வெள்ளி அல்லது சனி எடுங்கள். நான்காவது வரிசைக்குப் பின்னால் போகாதீர்கள். என் பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், கடைசி வரிசையில் நான் உட்காருவது என் நெடிய உருவத்தால் பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள் என்பதற்காக.